அழித்த ஏட்டைத் திரும்ப எழுதாதீர்கள்

(அப்போஸ்தலர் நடபடி, 9-ம் அதிகாரம்)



சவுல் என்பவர் தமாஸ்கு நகருக்குப் போகும் வழியில் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்ற சரித்திரம் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு அடுத்தபடி நடந்ததைத்தான் நாம் கவனியாமல் விட்டுவிடுகிறோம். அவர் ஜெருசலேமுக்குத் திரும்பி வந்து விசுவாசிகளோடு சேரப் பார்த்தார். அவர்களோ அவரைக் கண்டு பயந்தார்கள். அவர் மெய்யாகவே மனந்திரும்பினவர் என்று ஒருவரும் நம்பவில்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அர்ச். முடியப்பரைக் கல்லால் எறிந்து கொன்றபோது, கொன்றவர்களுடைய வஸ்திரங்களுக்குக் காவலிருந்தவர் இவர்தானே? வீடுவீடாய்ப் புகுந்து ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் சிறைக்கு இழுத்துப் போனவர் இவர்தானே?

அப்போது பர்னபாஸ் என்ற ஒருவர் முன்வந்தார். சவுலைக் கையோடு அப்போஸ்தலர்களிடம் கூட்டிப்போய், நடந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, அவருக்காகச் சாட்சி நின்றார். பிற்பாடு தார்சு நகர் வரைக்கும் அவரைத் தேடிப்போய் அந்தியோக்குக்கு அழைத்துவந்தவரும் இந்தப் பர்னபாஸே. அந்தச் சவுல்தான் நாம் வணங்கும் அர்ச். சின்னப்பர்.

சர்வேசுரனுடைய ஏட்டில் சவுலின் பாவம் தமாஸ்குவிலேயே அழிந்துபோயிற்று. ஜெருசலேம் ஊராருடைய மனதில் இருந்த ஏடு மாத்திரம் அழியவில்லை. அதை அழிக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது. ஒருவன் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகும் அவனை விடாமல் தொடருகிற ஏட்டைப்பற்றி இந்த வாரம் சற்று தியானிப்போம்.

முதலாவது: சர்க்காரின் ஏடு

போலீஸ் ஸ்டேஷனில் ஒருவன் பேரில் கேஸ் எழுதினால் அது அன்றோடு தீர்ந்துபோவதில்லை. பட்டாளத்துக்கு ஆளெடுக்கும்போதும், பாஸ்போர்ட்டுக்கு மனுப்போடும்போதும், சர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்வான பிறகும் அந்த ஏடு திரும்பத் திறக்கப்படுகிறது. பட்டாளத்துக்கும் அரபு நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பிழைக்கிற நம்முடைய வேலூர்ச் சீமையில் இது எத்தனை வீட்டின் கவலை என்பதை நீங்களே அறிவீர்கள். போலீஸார் தங்கள் பதிவேட்டில் சுருக்கமாய்க் குறித்த ‘கே.டி.’ என்ற இரண்டு எழுத்து, நம் ஊர்ப் பேச்சில் ‘கேடி’ என்ற வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஏட்டில் எழுதினது எவ்வளவு சீக்கிரம் நாவில் வந்து உட்காருகிறது, பாருங்கள்!

ஒரு காலத்தில் பிறப்பையே குற்றமாய் எழுதிவைத்த ஏடும் இருந்தது. வெள்ளைக்காரர் 1871-ம் ஆண்டு போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடினவன் திருடாதவன் என்ற வித்தியாசமில்லாமல் சாதி சாதியாய்ப் பெயரைப் பதிந்து, கைரேகை வாங்கினார்கள். அந்தப் பதிவை எதிர்த்து நின்றதற்காக 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் 16 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதிலும் 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதியும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் மனிதர் மனதில் ஒழிந்ததா? 72 ஆண்டு கழித்து, 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உச்சநீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்கும்படி கட்டளையிட வேண்டியதாயிற்று. ஏட்டை ஒருமுறை அழித்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

விழுந்தவன் எழுந்திருக்க நம் நாட்டுச் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. குடும்பத் தலைவர்கள் இவற்றை அறிந்திருப்பது நலம்.

பிள்ளைகளைப்பற்றியது முதல் வழி. 18 வயது நிரம்பாத பிள்ளை குற்றம் செய்தால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அந்த வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வருகிறது. பழைய ஏட்டை அழித்துப் புதுத் தொடக்கம் தரவேண்டும் என்பதை அந்தச் சட்டம் தன் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதன் 24-ம் பிரிவின்படி, அந்தக் குற்றத்தால் பிள்ளைக்குப் பின்னாளில் எந்தத் தகுதிக்குறைவும் வரக்கூடாது. அப்பீல் காலம் தீர்ந்து, விதிகளில் குறித்த காலமும் கழிந்தபின் பதிவுகளை அழித்துவிட வேண்டும். 2016-ம் ஆண்டு மத்திய மாதிரி விதிகள் இதற்கு ஏழு ஆண்டு என்று குறிக்கின்றன. முடிந்துபோன அப்படிப்பட்ட வழக்கை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸார் வெளிப்படுத்தலாகாது என்று 74-ம் பிரிவு தடுக்கிறது. 16 வயது கடந்து, மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானவர்களுக்கு மாத்திரம் இந்தச் சலுகை இல்லை.

வாலிபரைப்பற்றியது இரண்டாவது வழி. நம் சென்னை மாகாணத்தில் 1936-லேயே நன்னடத்தைச் சட்டம் ஒன்று ஏற்பட்டது. 1958-ல் நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் வந்தது. 21 வயதுக்குட்பட்டவன், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் அகப்பட்டால், அவனைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிபதி அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கண்டித்தோ, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விட்டோ அனுப்பினால், அந்தத் தீர்ப்போடு சட்டப்படி சேர்ந்துவரும் தகுதிக்குறைவு அவனைச் சேராது என்று 12-ம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் செய்த குற்றம் செய்யாததாகிவிடாது. உத்தியோகம் கொடுப்பவர்கள் அதை ஆராயலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

மற்றப் பெரியவர்கள் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு தாராளமல்ல. இங்கிலாந்தில் 1974-ம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் குற்றமின்றி நடந்தவனுடைய பழைய தண்டனைகள் பலவும் தீர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. அமெரிக்க மாகாணங்கள் பலவற்றில் கோர்ட்டில் மனுப்போட்டு ஏட்டை மூடி முத்திரையிடச் செய்யலாம். நம்மிடம் அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லை. அப்பீலில் விடுதலை பெறலாம். சட்டம் இடம்கொடுக்கும் சில்லறை வழக்குகளில் இரு தரப்பாரும் கோர்ட்டில் ராஜியானால் அது விடுதலைக்குச் சமம். ராஜியான வேறு சில வழக்குகளை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்வதும் உண்டு. பாஸ்போர்ட் சட்டத்திலும் ஒரு எல்லை இருக்கிறது: ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவனுக்கும், ஐந்து ஆண்டு கழிந்தபின் அந்தத் தண்டனையை மாத்திரம் காட்டி மறுக்க இடமில்லை.

குற்றமில்லை என்று விடுதலையானவனைக்கூட ஏடு சில வேளை விடுவதில்லை. மேல்முறையீட்டில் விடுதலை பெற்ற ஒருவர், இணையத்தில் தம் பெயரைத் தேடுகிறவர்களுக்கெல்லாம் பழைய வழக்கே அகப்படுகிறதென்று, தீர்ப்பில் தம் பெயரை மறைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தை வேண்டினார். 2021-ல் அந்த வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அதற்கு இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கற்றறிந்த நீதிபதிகளே இவ்வளவு யோசிக்கிற காரியம் இது.

இன்னொரு வழக்கையும் கேளுங்கள். வாலிப வயதில் ஒரு கைகலப்பு வழக்கில் சிக்கி விடுதலையான டில்லி வாலிபர் ஒருவர், போலீஸ் வேலைக்குப் போட்ட மனுவில் அதைக் குறிப்பிடாமல் விட்டார். அதனால் வேலை மறுக்கப்பட்டது. 2011-ம் ஆண்டு மார்ச் மாதம் உச்சநீதிமன்றம் அவருக்கு இரக்கம் காட்டிற்று. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் யாரை நினைவுகூர்ந்தார்கள் தெரியுமா? விக்தோர் ஹியூகோ எழுதிய கதையில் வரும் ஜான் வால்ஜானை! ‘ஏழை படும் பாடு’ என்று தமிழிலும் வந்து, 1950-ல் சினிமாவாகவும் ஓடின கதை அது. ஒரு ரொட்டியைத் திருடினதற்காக ஆயுள் முழுவதும் திருடன் என்ற பெயரைச் சுமந்தவன் அவன். சிறையிலிருந்து வந்தவனுக்கு ஊரெல்லாம் கதவடைத்தபோது ஒரு மேற்றிராணியார் கதவைத் திறந்தார். அவன் திருடின வெள்ளித் தட்டுகளோடு மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றைக்கல்லவோ அவன் மனிதனானான்!

ஆனாலும் பொய் சொல்லலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதவேண்டும் என்றும், இளவயதின் சில்லறைக் குற்றமானால் அதிகாரிகள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் 2016-ல் உச்சநீதிமன்றம் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது: திருச்சபையின் முத்திரை

ஏட்டை முத்திரையிட்டு மூடுவது நமக்குப் புதிய சங்கதியல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதை எந்தக் குருவும், எந்தக் காரணத்துக்காகவும், உயிரே போவதானாலும் வெளிப்படுத்தலாகாது. 1215-ம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம் அதை மீறும் குருவுக்குக் கடும் தண்டனை விதித்தது. அந்த முத்திரையைக் காத்ததற்காகவே 1393-ல் பிராக் நகரில் அர்ச். நெப்போமுக் அருளப்பர் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார் என்பது பாரம்பரியம். சர்வேசுரன் மன்னித்த பாவம் சமுத்திரத்தின் ஆழத்தில் எறியப்பட்டதற்குச் சமானம் என்று மிக்கேயாஸ் தீர்க்கதரிசியும் போதிக்கிறார். விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயை ஜனங்கள் கொண்டுவந்து நிறுத்தியபோது சேசுநாதர் குனிந்து தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆனால் மண்ணில் எழுதினது எத்தனை நாள் நிற்கும்? காற்றடித்தால் போயிற்று. நாமோ கல்லில் வெட்டி வைக்கிறோம்!

மூன்றாவது: நம்முடைய நாவு

பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க எட்டாம் கற்பனை கட்டளையிடுகிறது. அதைக் காட்டி, “இல்லாததையா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்” என்கிறவர்கள் உண்டு. பிரியமானவர்களே, உள்ளதைச் சொல்வதும் பாவமாகக்கூடும். மறைந்து கிடக்கும் பிறருடைய குற்றத்தைத் தகுந்த காரணமில்லாமல் வெளிப்படுத்துகிறவன், அவனுடைய நல்ல பெயரைத் திருடுகிறான். பணத்தைத் திருடினவன் திருப்பிக் கொடுக்கலாம். பெயரைத் திருடினவன் அதைத் தெருத்தெருவாய்ப் பொறுக்கித் திருப்பிக் கொடுக்க முடியுமா?

சட்டம் ஏழு ஆண்டில் பதிவை அழிக்கிறது. நம் குழாயடியிலும் டீக்கடையிலும் இருக்கிற பதிவு இருபது ஆண்டானாலும் அழிவதில்லை. கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கிறோம். விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே அது. நெருங்கிய உறவுமுறை, முன் செய்த கல்யாணம் போன்றவை விக்கினம். பதினேழு வயதில் திருவிழாச் சண்டையில் ஏற்பட்ட கேஸ் விக்கினமல்ல. ஆனால் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்கு ஓடிப்போய், “விசாரித்தீர்களா? அந்தப் பையன் உள்ளே இருந்து வந்தவன்” என்று காதைக் கடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்தத் திருச்சபை அனுப்பிற்று? தனக்கு மனைவியாய் வருகிறவளிடம் அந்த வாலிபன் தானே மனந்திறந்து சொல்லட்டும். அது அவனுக்கு அழகு. அவனை முந்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை. மாடு உயிரோடிருந்தபோது போட்ட சூடும், முள் கிழித்த கீறலும், சுண்ணாம்பில் ஊறி, பதனிட்டு, சாயமேற்றின பிறகும் தோலில் தெரியும். அதற்காகத் தோல் முழுவதையும் குப்பையில் எறிகிறீர்களா? கட்டிங் செய்கிறவர் தழும்பைப் பார்த்து, அதை விலக்கி அச்சை வைத்து வெட்டுகிறார். மீதித் தோல் நல்ல செருப்பாகிறது. மாட்டுத் தோலுக்குக் காட்டுகிற அந்தப் பொறுமையை மனிதனுக்குக் காட்டலாகாதா?

இங்கே ஒரு கேள்வி

“அப்படியானால் நஷ்டப்பட்டவர்கள் கதி என்ன? களவு போன தாலிக்காக அழுதவளுக்கு யார் பதில் சொல்வது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏட்டை அழிப்பது வேறு, அநியாயத்தை மூடுவது வேறு. சேசுநாதர் தன் வீட்டில் நுழைந்த அன்றே சக்கேயு, தான் வஞ்சித்ததற்கு நாலு மடங்கு திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தான். குற்றம் செய்தவன் தன்னால் ஆன மட்டும் நஷ்டத்தை ஈடுசெய்து மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன். கோர்ட்டில் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறவன் உள்ளதைச் சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ ஆபத்து நேரும் என்ற நியாயமான பயமிருந்தால், தகுந்தவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அங்கே மௌனமே பாவம். காரணமில்லாமல், வாய்ச்சுகத்துக்காகப் பேசுவதைத்தான் சர்வேசுரன் விலக்குகிறார்.

1830-ல் கட்டின நம் வேலூர் மத்திய சிறையை நினைத்துப் பாருங்கள். 1921-ம் ஆண்டு முடிவில் ராஜாஜி அதற்குள்ளே போனார். பின்னால் நாட்டின் கவர்னர் ஜெனரலானார். 1941-ல் காமராஜர் அங்கே கைதியாய் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்கள் தேசத்துக்காகப் போனவர்கள். சிறை அவர்களுக்குப் பெருமையாயிற்று. தவறு செய்து போனவனுக்கு அந்தப் பெருமை வேண்டாம். அதே வாசல் வழியாய்த் தண்டனையைத் தீர்த்து வெளியே வருகிறவனுக்கு, ஒரு வேலையும் ஒரு வாடகை வீடும் போதும். அதற்கும் கூடவா நாம் பஞ்சம் செய்வது?

பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1958-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ரோமாபுரிச் சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார். தம் உறவினர் ஒருவர் உத்தரவில்லாமல் வேட்டையாடிச் சிறைப்பட்டதை வெட்கப்படாமல் அவர்களிடம் சொன்னார். 2024-ம் ஆண்டு அதே டிசம்பர் 26-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியின் ரெபிபியா சிறையில் ஜூபிலி ஆண்டின் பரிசுத்த கதவைத் திறந்தார். அந்தத் தேதி யாருடைய திருநாள்? அர்ச். முடியப்பருடைய திருநாள்! தம்மைக் கல்லெறிந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு மரித்தவர் அவர். அந்த வேண்டுதலின் பலன் காவலுக்கு நின்ற சவுலைச் சேர்ந்தது என்று வேதபாரகர்கள் சொல்வார்கள்.

தீர்மானங்கள்

1. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வழக்கில் சிக்கினால் வெட்கத்தால் ஒளித்து வைக்காதீர்கள். தரகர்களிடம் பணத்தை இறைக்கவும் வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவசமாய் வக்கீல் உதவி உண்டு. பிள்ளையின் வழக்கு முடிந்திருந்தால், 24-ம் பிரிவின்படி பதிவுகள் அழிக்கப்பட்டனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. கடையோ பட்டறையோ கம்பெனியோ நடத்துகிறவர்களே, திருந்தி வந்த ஒருவனுக்காவது வேலை கொடுங்கள். முதல் நாளே கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை, வேலையைக் கொடுங்கள். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி அர்ச். சின்னப்பர் பிலேமோனுக்கு எழுதினார். பர்னபாஸ் தமக்குச் செய்ததை அவர் மறக்கவில்லை.

3. திருந்தி வந்த சகோதரனே, நீயும் மனந்தளராதே. நஷ்டம் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேள். கேட்ட இடத்தில் உண்மையைச் சொல். கேளாத இடத்தில் உன்னை நீயே கேவலப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

4. மற்ற எல்லோரும் இந்த வாரம் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பழைய கதையை நீங்கள் கடைசியாய்ச் சொன்னீர்களோ, அவருடைய பெயர். அந்தக் கதையை இனி சொல்வதில்லை என்று பீடத்துக்கு முன்பாக முழங்காலிட்டு வாக்குக் கொடுங்கள். அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமையன்று சேசுநாதரோடு மோட்சத்துக்குப் போக வரம் பெற்றவன் யார்? தன் குற்றத்தைத் தானே ஒத்துக்கொண்ட நல்ல கள்ளன். அவனுக்குப் போலீஸ் சான்றிதழும் இல்லை, ஊர்ப் பெரியவர் சிபாரிசும் இல்லை. பழைய கணக்கை நம் கர்த்தர் அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு நாள் நம்முடைய ஏடும் அவருக்கு முன் திறக்கப்படும். பிறருடைய ஏட்டை நாம் எப்படி மூடினோமோ, அப்படியே நம்முடையதையும் மூடும்படி கேட்க அன்றைக்கு நமக்கு முகம் இருக்கவேண்டும்.

அந்த வரத்தைத் தேவமாதா நமக்குப் பெற்றுத் தருவாராக.

ஆமென்.